கிட் செய்பவர்களுக்கு ஒரு பழைய சிக்னல்காரனின் திறந்த மடல்

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானலையில் பேசுகிறவர்களுக்காக ஹாம் ரேடியோ கிட் வடிவமைத்து விற்கும் நண்பர்களுக்கு,

போன மாதம் நீங்கள் அனுப்பிய அறிவிப்பு எனக்கும் வந்தது. பாகங்களைக் கையால் சால்டர் செய்து பேசும் செட்டாகக் கட்டிக்கொள்கிற 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) கிட் இத்தோடு நிறுத்தம், கையிருப்பு தீர்ந்தால் கிடையாது, இனிமேல் தொடுதிரை வைத்து முழுக்கப் பொருத்தி முடித்த போர்டு மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்கள். காரணம் மூன்று சொல்லியிருந்தீர்கள். வாங்குகிறவர்கள் குறைவு. வாங்கியவர்களும் பாதியில் மாட்டிக்கொண்டு உங்களுக்குப் போன் போட்டு உயிரை எடுக்கிறார்கள். போர்டின் துளையில் சொருகுகிற, கால் வைத்த பாகங்கள் முன்போல் கிடைப்பதில்லை. உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும். இதே முடிவை எடுத்தவர்கள், எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

அந்த முடிவை என்னால் வாயை மூடிக்கொண்டு ஏற்க முடியவில்லை.

நான் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்காரன். எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்றும் சொல்வார்கள். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நானும் 1979-ல் சிக்னல் படையில் சேர்ந்து ஜபல்பூரில் மோர்ஸ் தந்திக் குறி பழகினேன். 2003-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். 2011-ல் ஹாம் தேர்வு எழுதியபோது மோர்ஸ் நிமிடத்துக்கு 8 சொல் காதால் கேட்டு எடுக்கச் சொன்னார்கள். பட்டாளத்தில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தில் எடுத்தவனுக்கு அது தண்ணி பட்ட பாடு. தியரிதான் கொஞ்சம் கசக்கியது. எப்படியோ வி.யு.2 என்று தொடங்கும் அழைப்புக்குறி கைக்கு வந்தது. உங்கள் கிட்டை இதுவரை நான்கு கட்டியிருக்கிறேன். மூன்று ஓடுகிறது. நான்காவது எப்படிப் போனது என்று பின்னால் சொல்கிறேன். அதில் உங்கள் பங்கும் இருக்கிறது.

முதலில் இரண்டாவது கிட்டின் கதை. அது இப்போது குடியாத்தத்தில் இருக்கிறது. வைத்திருக்கிற தம்பிக்கு வயது 31. ஒன்பது வயதில் பார்வை போய்விட்டது. வீட்டில் லுங்கி நெசவு. அப்பாவும் அண்ணனும் தறியைப் பார்க்க, இவர் உட்கார்ந்து தறிக்கு வேண்டிய நூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பார். ரேடியோ கேட்கிற பழக்கத்தில் தொடங்கி, தேர்வு எழுதி, வி.யு.3 அழைப்புக்குறி வாங்கிவிட்டார். சொந்தமாக ஒரு செட் வேண்டும் என்று கேட்டார். உங்கள் கிட்டை வாங்கினோம்.

அதில் ஔட்புட் ஃபில்டருக்குக் கம்பி சுற்றிக் காயில் ஆக்குகிற மூன்று மஞ்சள் வளையம் வரும், டி37-6 என்ற வகை. விட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. நடுவில் உள்ளதற்கு 24 சுற்று, இரண்டு பக்கமும் 21, 21. கட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும், கிட்டில் ஆள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கம்பி வளையத்துக்கு உள்ளே ஒரு தரம் போனால் ஒரு சுற்று. வெளிப்பக்கம் தெரிகிற கம்பியை எண்ணிக்கொண்டே போனால், முதலாவதை விட்டுவிட்டோமா, கடைசியை இரண்டு தரம் எண்ணினோமா என்று குழம்பும். நான் கண்ணாடி போட்டு, அதன்மேல் பூதக்கண்ணாடியும் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். எண்ணிப் பார்த்தால் 23. பிரித்துச் சுற்றினேன். 25.

“குடுங்க மாமா” என்று வாங்கினார். கம்பியின் ஒரு முனையை இடது கட்டைவிரலில் அழுத்திக்கொண்டார். மறுமுனையை உள்ளே விட்டு இழுக்கிறார், வலது சுட்டுவிரல் நகத்தால் வளையத்தின் உள்விளிம்பில் அந்தக் கம்பியைத் தள்ளி ஒட்டவைக்கிறார், அடுத்தது. வாய் திறந்து எண்ணக்கூட இல்லை. முடித்துவிட்டு நகத்தை உள்பக்கமாக ஒரு தரம் ஓட்டினார், சீப்புப் பல்லில் ஓட்டுகிற மாதிரி. “இருபத்தி நாலு. வெளிய எண்ணாதீங்க மாமா, உள்ள எண்ணுங்க.” மூன்று வளையத்துக்கும் பத்து நிமிடம் ஆகவில்லை. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி ஒரே சீராக இருந்தது. வாழ்நாளெல்லாம் நூலைச் சுற்றிய விரல்.

கம்பிமேல் இருந்த எனாமல் பூச்சைச் சுரண்டி, சால்டர் வைத்தது நான். பாகத்தைத் தடவிப் பார்த்து இடம் சொன்னது அவர். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. உங்கள் கிட்டில் டிஸ்ப்ளே உண்டு, அவருக்கு அதனால் பயன் இல்லை. அதனால் நிரல் எழுதி ஓட்டுகிற ஒரு சின்ன நேனோ போர்டை ஓரமாகச் சேர்த்தேன். டியூனிங் குமிழை அழுத்திப் பிடித்தால் அதிர்வெண்ணை மோர்ஸில் சொல்லும். டா-டா-டி-டி-டிட், டா-டா-டா-டா-டா, டி-டி-டி-டா-டா, டா-டா-டா-டா-டா. அதாவது 7030 கிலோஹெர்ட்ஸ். இன்னொரு தரம் அழுத்தினால் பேட்டரி வோல்ட்டேஜ். இதில் நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் ஸ்மால் வொண்டர் லேப்ஸ் என்ற சின்னக் கிட் கடை, 1990-களிலேயே ஃப்ரெக்-மைட் என்று ஒரு குட்டி போர்டு விற்றது. எந்த செட்டிலும் ஒட்டவைத்தால் அதிர்வெண்ணை மோர்ஸில் ஒலிக்கும். அப்போதே இவ்வளவு எளிதாக நடந்த வேலை.

இன்று இரவு ஒன்பது மணிக்குமேல் அந்தத் தம்பி 40 மீட்டரில் உட்கார்ந்தால், எனக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கிற இடத்தில் அவர் ஒரு ஆளைப் பிடித்துப் பேசிக்கொண்டிருப்பார்.

இப்போது உங்கள் புதிய போர்டுக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் வாங்கியிருந்தார். தம்பியிடம் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பித் தடவினார். “இன்னா மாமா, வெறும் கண்ணாடியா கீது? எதைப் புடிச்சித் திருப்பறது?” ஒரே ஒரு குமிழ் இருந்தது. அது எதைத் திருப்பும் என்பது கண்ணாடியில் எதைத் தொட்டோம் என்பதைப் பொறுத்தது. சத்தத்தைக் கூட்டுவதாக நினைத்து அதிர்வெண்ணை மாற்றினார். பிறகு மெதுவாக என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

இதைப் பற்றி நான் உங்களுக்கு ஏற்கெனவே எழுதினேன். குமிழை அழுத்திப் பிடித்தால் மோர்ஸில் அதிர்வெண் சொல்கிற வசதியை மென்பொருளில் சேருங்கள், அதற்கு ஒரு பாகம்கூடக் கூடுதலாக வேண்டாம், மோர்ஸ் தட்டும்போது நம் காதுக்குக் கேட்கிற சைட்டோன் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது என்று. “அடுத்த பதிப்பில் பார்க்கலாம்” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு மூன்று பதிப்பு வந்துவிட்டது. மூன்றிலும் திரையின் நிறம் மாற்றும் வசதி வந்திருக்கிறது. பச்சை, நீலம், ஆரஞ்சு.

அடுத்தது மலை. வேலூர்க்காரர்களைக் கேலி செய்ய ஒரு பட்டியல் உண்டு, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை என்று. ஊரைச் சுற்றி இருக்கிற மொட்டைப் பாறைகளுக்கு அது சரி. ஒடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாது மலைக்குள் பீஞ்சமந்தைப் பக்கம் போனால் காடும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. போன் எடுப்பதற்கென்று ஊருக்கு ஒரு பாறையும் இருக்கிறது. அந்தப் பாறைமேல் ஏறி நின்றால் ஒரு கோடு, கொஞ்சம் நகர்ந்தால் அதுவும் போச்சு.

அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஒரு டீச்சர் ஹாம் தேர்வு எழுதி உரிமம் வாங்கினார். மழைக்காலத்தில் பாதை அறுந்தால் கீழே சேதி சொல்ல ஒரு வழி வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். உரிமம் இல்லாதவர் கையில் செட்டைக் கொடுக்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் தானே படித்து எழுதினார். முதலில் எல்லோரையும் போல இரண்டு மீட்டர் அலையில் பேசுகிற வாக்கி-டாக்கி செட் ஒன்று வாங்கினார். அது நேர்க்கோட்டில் போகிற அலை. நடுவில் மலை நின்றால் தீர்ந்தது. பள்ளிக்கூட வாசலிலிருந்து அடுத்த குக்கிராமத்துக்கே கேட்கவில்லை.

நான் ஒரு நாள் உங்கள் கிட்டின் எஸ்.எஸ்.பி. (குரலில் பேசுகிற) வடிவத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் ஆண்டெனா, மொத்தம் 20 மீட்டர் கம்பி, பக்கத்துக்குப் பத்து. பள்ளிக்கூடத்தின் பலா மரத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவே ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் கட்டினோம். ஆண்டெனா என்றால் உயரே கட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே தாழக் கட்ட வேண்டும். தாழக் கட்டினால் அலை நேரே வானத்துக்குப் போய், அயனி மண்டலத்தில் பட்டு, குடைக்கம்பி மாதிரி நாலாபக்கமும் கீழே இறங்கும். முந்நூறு, நானூறு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் மலையாவது பள்ளத்தாக்காவது, எதுவும் குறுக்கே நிற்காது. காலை பத்தரை மணி. ஐந்து வாட். வேலூரில் காத்திருந்த நண்பர் முதல் கூப்பிடுதலிலேயே எடுத்தார். பெங்களூரிலிருந்து ஒருவர் நடுவில் புகுந்து எப்படிக் கேட்கிறது என்று ரிப்போர்ட் கொடுத்தார். டவுனில் எல்.இ.டி. பல்பும் இன்வெர்ட்டரும் போடுகிற இரைச்சல் அங்கே இல்லை. காதில் பஞ்சு எடுத்த மாதிரி இருந்தது. டீச்சர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தார். பிறகு, “சார், இது எனக்கு எவ்ளோ ஆகும்?” என்றார்.

சாயங்காலம்தான் வினை. பேட்டரியை மாற்றிப் போட்டுவிட்டோம். டார்ச் வெளிச்சத்தில், கறுப்பும் சிவப்பும் ஒரே அழுக்கு நிறத்தில் தெரிந்தது. உதவிக்கு வந்த பையன் மாற்றிச் சொருகினான், நான் கவனிக்கவில்லை. ஒரு விநாடி. பவர் தலைகீழாக வந்தால் ஐ.ஆர்.எஃப்.510 என்ற ஔட்புட் டிரான்சிஸ்டர் உள்ளே இருக்கிற டயோடு திறந்துகொள்ளும், சோக் காயில் வழியாகப் பேட்டரி முழுதும் பாயும். பாய்ந்தது. போர்டில் தடம் கருகி எழுந்து வந்தது. நான்காவது கிட் அப்படிப் போனது. தப்பு எங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் போர்டில் ஒரு ஃபியூஸும், பவர் உள்ளே வருகிற இடத்தில் ஒரு டயோடும் இருந்திருந்தால் ஃபியூஸ் மட்டும் போயிருக்கும். டயோடு பத்து ரூபாய்கூட ஆகாது. மேசைமேல் பவர் சப்ளை வைத்து ஏசி அறையில் சோதிக்கிற செட்டுக்கு அது தோன்றாது. மலைக்குப் போகிற செட்டுக்கு முதலில் தோன்ற வேண்டியதே அதுதான்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் வைத்திருந்தார்கள், தொடர்பு அறுந்த தீவுகளிலிருந்து சேதி வெளியே வந்தது. நாம் கூடுகிற ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்லிக் கைதட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் 20 வருடமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறோமே, அப்படியொரு நாளில் பீஞ்சமந்தை டீச்சர் கையில் எந்த செட் இருக்கும் என்று நம்மில் யாராவது கேட்டோமா? தொடுதிரை செட்டின் விலைக்கு அவர் இரண்டு மாதம் சீட்டு கட்ட வேண்டும். அதிலுள்ள பத்து பேண்டில் (அலைவரிசையில்) அவருக்கு வேண்டியது இரண்டு. பகலில் 40 மீட்டர், ராத்திரியிலும் விடியலிலும் 80 மீட்டர். நடுப்பகலில் 80-ஐ அயனி மண்டலத்தின் கீழ்ப்பக்க டி அடுக்கு உறிஞ்சிவிடும், அதனால் ஒன்று மட்டும் போதாது. மீதி எட்டு பேண்டும், சிக்னலைத் திரையில் ஓடவிட்டுக் காட்டும் வாட்டர்ஃபாலும், வர்ணமும் அவருக்கு பேட்டரியைத் தின்கிற சுமை. நான் கட்டிய சாதா செட் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது 65 மில்லி ஆம்பியர்தான் எடுக்கிறது. ஏழு ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாள் தாங்கும். உங்கள் திரைக்கு மட்டுமே அதைவிட அதிகம் போகிறது. நானே மீட்டர் வைத்துப் பார்த்தேன்.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமோ என்னவோ. என் செட் இருக்கிற அறைக்கு சிமெண்ட் ஷீட் கூரை. மே மாதம் மதியம் அறைக்குள்ளேயே 41 டிகிரி. காலையில் ஐ.ஆர்.எஃப்.510-க்கு 80 மில்லி ஆம்பியரில் நிறுத்திய பயஸ் கரண்ட் (சிக்னல் இல்லாதபோதும் ஓடுகிற கரண்ட்), மதியம் பார்த்தால் 200-ஐத் தாண்டி நிற்கும். சூடு ஏற ஏறக் கரண்ட் ஏறும், கரண்ட் ஏற ஏறச் சூடு ஏறும். ஹீட் சிங்க்மேல் ஒட்டின மாதிரி ஒரு டயோடை வைத்து, பயஸை அதன் வழியாக எடுத்தால் தானாக இறங்கிக்கொள்ளும். பழைய வித்தை. நான் பசை போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன், பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்கிறது. உங்கள் 16 எழுத்து டிஸ்ப்ளேயும் மதியத்தில் கறுப்புக் கட்டையாகிவிடும். கான்ட்ராஸ்ட் திருகியைப் பெட்டிக்கு உள்ளே வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் ஊர்ப் பெரிசுகளையும் மறக்கவில்லை. மோர்ஸ் தெரிந்த பழைய சிக்னல்காரர்கள் கம்மவான்பேட்டையில் மட்டுமே என் திண்ணையில் ஆறேழு பேர் கூடுவோம். ஒருவருக்குக் கண்புரை அறுவை முடிந்திருக்கிறது, ஒருவருக்குக் கை நடுங்கும், எல்லோருக்கும் காது கொஞ்சம் மந்தம். வயதானால் மேல் ஸ்வரம் முதலில் போகும். 700 ஹெர்ட்ஸில் வருகிற டோனை 500-க்கு இறக்கினால் ஜம்மென்று எடுக்கிறார்கள். பென்ஷன் பணத்தில் ஒரு செட், பெரிய குமிழ், நேரே மோர்ஸ் கீ சொருக ஒரு துளை, மெனுவே வேண்டாம். இவ்வளவுதான் கேட்கிறார்கள். உங்கள் புதிய போர்டில் டோன் மாற்ற மூன்று மெனு உள்ளே போக வேண்டும்.

இனி உங்கள் மூன்று காரணம்.

வாங்குகிறவர்கள் குறைவு என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் ஆம்பூர்க்காரரிடம் போய் எல்லார் காலுக்கும் ஒரே அளவு ஷூ தைத்துக் கொடுங்கள், அதுதான் நிறைய விற்கும் என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று. ஹைதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-ல் பிட்எக்ஸ் என்ற செட்டை வடிவமைத்தபோது யாரை மனதில் வைத்தார்? வெளிநாட்டு செட் வாங்கப் பணமில்லாத இந்திய ஹாமை. 14 மெகாஹெர்ட்ஸ் மட்டும், ஆறு வாட், கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற டிரான்சிஸ்டர். ஒரே ஆம்ப்ளிஃபயர் அனுப்பும்போதும் கேட்கும்போதும் வேலை செய்யும். சுற்றுப்படத்தை எல்லோருக்கும் திறந்துவைத்தார். அந்த ‘சின்னக் கூட்டத்துக்கு’ என்று செய்தது உலகம் முழுக்கப் போனது. பிட்எக்ஸ்40, மைக்ரோபிட்எக்ஸ் என்று வளர்ந்தது. கிட் வடிவமைப்பாளர் ஹான்ஸ் சம்மர்ஸ் 2017-ல் கியூ.சி.எக்ஸ். என்ற கிட்டைச் செய்தது இளைஞர் முகாம் ஒன்றில் பிள்ளைகள் உட்கார்ந்து கட்டுவதற்காக. ஒரு பேண்ட், மோர்ஸ் மட்டும், 49 டாலர். அது ஆயிரக்கணக்கில் விற்றது. ஒரு குறிப்பிட்ட ஆளின் முகத்தைப் பார்த்துச் செய்த கிட் இரண்டுமே. எல்லோருக்கும் என்று செய்த செட்டை எல்லோரும் வாங்குவார்கள் என்று நீங்கள் எந்தக் கணக்கில் நம்புகிறீர்கள்?

பாகம் கிடைக்கவில்லை என்பதற்கும் அதே கியூ.சி.எக்ஸில் விடை இருக்கிறது. கையால் வைக்க முடியாத இரண்டு ஐ.சி.யை மட்டும் அவர்களே ஒட்டிக் கொடுத்தார்கள். மீதி எல்லாம் கால் வைத்த பாகம். அதிர்வெண் உண்டாக்கும் எஸ்.ஐ.5351 ஐ.சி. எஸ்.எம்.டி.யில்தான் (போர்டின் மேலேயே ஒட்டுகிற வடிவில்தான்) வருகிறது என்று எனக்கும் தெரியும், ஒட்டிக் கொடுங்கள். அதற்காக எள்ளைவிடச் சின்னதாக, ஒன்றரை மில்லிமீட்டர் ரெசிஸ்டரை எல்லாம் போர்டு முழுக்கத் தூவி, இனி கை வைக்காதே என்று சொல்ல வேண்டியதில்லை. அது கருகினால் வேலூரில் யார் மாற்றுவார்? சென்னை ரிச்சி தெருவரை 140 கிலோமீட்டர் போனாலும் பார்ப்பார்களா என்பது சந்தேகம். நான் கட்டிய மூன்று செட்டில் எது கெட்டாலும் நானே திண்ணையில் வைத்துச் சரி செய்துவிடுகிறேன்.

தொந்தரவு என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கு உறைத்தது. தொந்தரவு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஏன் கொடுத்தேன் தெரியுமா? உங்கள் கையேட்டில் 14-ம் பக்கத்தில் 21 சுற்று, படத்தில் 19. எது சரி என்று கேட்கத்தான் போன் செய்தேன். குடியாத்தம் தம்பிக்கு அந்தக் கையேடு கிடைத்தது படமாக ஒட்டிய பி.டி.எஃப். ஆக, அவர் போன் அதைப் படித்துச் சொல்லாது. நான் ஒவ்வொரு வரியாக வாசித்துக் குரலில் பதிவு செய்து கொடுத்தேன். தமிழில்தான் சொன்னேன். அந்தப் பதிவைக் கேட்டு வாணியம்பாடியில் ஒரு பாலிடெக்னிக் பையன் தனியாகவே ஒரு கிட் கட்டி முடித்துவிட்டான். உங்களுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

ஆகவே நான் கேட்பது இது.

பழைய 40 மீட்டர் கிட்டை நிறுத்தாதீர்கள். நிறுத்தியே தீருவோம் என்றால் அதன் சுற்றுப்படம், போர்டு கோப்பு, மென்பொருள் மூன்றையும் திறந்து விடுங்கள். நாங்களே போர்டு அடித்துக்கொள்கிறோம். பெட்டிக்குள் பூட்டிவைத்துக்கொண்டு நிறுத்துவதை மட்டும் செய்யாதீர்கள்.

பார்வையில்லாதவர்களுக்கு ஒரு பதிப்பு வேண்டும். திரையே இல்லாமல் விற்றாலும் சரி, அதில் விலை குறையும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குமிழ், ஒவ்வொரு குமிழும் தடவினால் வேறுபடுகிற வடிவம், டியூனிங் குமிழில் விரலுக்குத் தெரிகிற சொடுக்கு. அதிர்வெண்ணும் வோல்ட்டேஜும் மோர்ஸில். ஆண்டெனா பொருந்தியிருக்கிறதா என்பதை மீட்டர் முள்ளில் காட்டாமல் டோனில் சொல்லட்டும்: மேட்ச் ஆக ஆகச் சுருதி இறங்கினால் போதும், காது பார்த்துக்கொள்ளும். வளையங்களைச் சுற்றாமல் கொடுங்கள். அதை அவர் சுற்றுவார். வேண்டுமென்றால் உங்களுக்கும் சுற்றித் தருவார். காயில் சுற்ற ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன், கூலி பேசிக்கொள்ளுங்கள்.

மலைக்கு ஒரு பதிப்பு. 40, 80 இரண்டே பேண்ட், எஸ்.எஸ்.பி., முன்பே பதிந்துவைத்த ஆறு அதிர்வெண், அதை மாற்ற ஒரு திருகுச் சுவிட்ச். தலைகீழ்ப் பேட்டரிக்கு டயோடு, ஃபியூஸ். மழைச்சாரல் தாங்குகிற பெட்டி. இரண்டு பேண்டுக்கும் அளந்து வெட்டிய டைபோல் கம்பியைப் பெட்டியோடே கொடுத்துவிடுங்கள். ஆண்டெனா இல்லாமல் விற்கிற செட் சக்கரம் இல்லாமல் விற்கிற மாட்டுவண்டி. கேட்கும்போது 70 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது. எந்த கிட்டாக இருந்தாலும் பயஸ் டயோடை ஹீட் சிங்கில் வைத்து, 45 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து அனுப்புங்கள். சோதிக்க இடம் இல்லையென்றால் மே மாதம் என் வீட்டுக்கு வாருங்கள். மோர் தருகிறேன்.

கையேட்டைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகக் கொடுங்கள். தமிழில் எழுதித் தரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், காசு வேண்டாம். வட ஆற்காட்டில் எங்கே யார் கிட்டில் மாட்டிக்கொண்டாலும் என் திண்ணைக்கு அனுப்புங்கள். உங்கள் போன் அடிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

எண்ணிக்கை குறைவு என்ற பயம் இருந்தால் முன்பதிவு வாங்குங்கள். 25 பேர் சேர்ந்தால் ஒரு தொகுதி செய்வோம் என்று சொல்லுங்கள். அந்த 25-ல் ஏழுக்கு முன்பணம் என்னிடம் இப்போதே இருக்கிறது: பார்வையில்லாதவர் பதிப்பு இரண்டு, மலைப் பதிப்பு இரண்டு, ஊர்ப் பெரிசுகளுக்கு மூன்று. தை பிறப்பதற்குள் ஆம், இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லை என்றால் ஏன் என்றும் எழுதுங்கள், டீச்சருக்குச் சொல்ல வேண்டும். பங்குனிக்குள் கம்பி கட்டிவிடலாம் என்று பலா மரத்தில் புதுக் கயிறு போட்டு வைத்திருக்கிறார்.

73 (ஹாம் வழக்கில், அன்பு வணக்கம்).

ஓய்வுபெற்ற சிக்னல் ஹவில்தார்,
கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்.